பாதி ஆன்டெனாவோடு கரையில் நிற்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் மூன்று ஊரிலிருந்து மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மெரேபேங்கில் கரைவலைக் குழு ஒன்றில் இருக்கும் தம்பி, தன் 29 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கியின் ரப்பர் ஆன்டெனாவை எடுத்துவிட்டு நீளமான ஒன்றைப் போடலாமா என்கிறார். டொங்காட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவிடம் பழைய 27 மெகாஹெர்ட்ஸ் சிபி (பொதுமக்கள் பேச்சு ரேடியோ) கைக்கருவிகள் இரண்டு இருக்கின்றன. வீட்டிலிருந்து மகனுடைய கரும்புத் தோட்டம் நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் பேச்சு எட்டவில்லை. சாட்ஸ்வொர்த் அக்கா ஒருவர் அமெச்சூர் ரேடியோ தேர்வில் இப்போதுதான் தேறி, 50 மெகாஹெர்ட்ஸிலும் பேசக்கூடிய கைக்கருவி வாங்கியிருக்கிறார். ஒரு மாதமாகக் கூப்பிடுகிறாராம், ஒருவரும் பதில் சொல்லவில்லையாம்.

எந்த ஆன்டெனா வாங்குவது என்பதுதான் மூவருடைய கேள்வியும். கடைக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கையில் இப்போது இருப்பது பாதி ஆன்டெனா. மற்றப் பாதி எங்கே என்று பார்க்காமல் இருக்கும் பாதியை மட்டும் விலை கொடுத்து மாற்றினால், காசு போன அளவுக்குக் குரல் போகாது.

## மற்றப் பாதி எங்கே?

அலைநீளத்தைக் கண்டுபிடிப்பது எளிது. 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டரில் விடை வந்துவிடும். கோயில் திருவிழாவில் தொண்டர்கள் இடுப்பில் செருகியிருக்கும் யுஎச்எஃப் கருவி 460 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 65 சென்டிமீட்டர்; அதில் கால் பங்கு 16 சென்டிமீட்டர். அதன் குட்டை ஆன்டெனா ஏறத்தாழ முழு அளவுக் கால் அலை. 29.8 மெகாஹெர்ட்ஸுக்கு வாருங்கள். அலைநீளம் பத்து மீட்டர். அதில் 25 சென்டிமீட்டர் ரப்பர் குச்சி நாற்பதில் ஒரு பங்கு. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வேலையில் ஒன்று யானை, மற்றது எறும்பு.

இது உயரக் குறைவு. இன்னொரு குறை கண்ணில் படாதது. ஆன்டெனாவில் மின்னோட்டம் மேலே ஓடினால் அதற்கு ஈடாகக் கீழே எதிலாவது ஓடியாக வேண்டும். வண்டியில் அது கூரைத் தகடு. வாக்கி-டாக்கியில் கருவியின் சின்ன உலோகச் சட்டமும், அதைப் பிடித்திருக்கும் உங்கள் கையும், அந்தக் கை வழியாக உங்கள் உடம்பும்தான். அதனால்தான் கருவியை மீன் பெட்டி மேல் வைத்துவிட்டு வயர் மைக்கில் பேசினால் குரல் இன்னும் மெலிகிறது. கையில் எடுத்தவுடன் தேறுகிறது. உப்புநீரும் சதையும் கொண்ட நாம் பெரிய கடத்திகள் இல்லை. ஓடும் மின்னோட்டத்தின் சக்தியில் பெரும்பங்கை உடம்பே வெப்பமாக விழுங்கிவிடும்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஆன்டெனாவுக்குள் போகும் சக்தி இரண்டு இடத்தில் செலவாகிறது: அலையாகப் போவது ஒன்று, வீணாகச் சூடாவது மற்றொன்று. இரண்டையும் ஓம் அளவில் எழுதலாம். 29.8இல் 25 சென்டிமீட்டர் ரப்பர் ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை (அலையாகப் போகும் பங்கின் ஓம்) அரை ஓம் அளவைத் தாண்டுவது அரிது. ரப்பருக்குள் இருக்கும் சுருளிலும் உடம்பிலும் வீணாவது பத்து ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்காக. நான்கு வாட்டில் அலையாகப் போவது 0.2 வாட், மீதி 3.8 வாட் சுருளுக்கும் உள்ளங்கைக்கும். அதே வீண் பத்து ஓமோடு 1.2 மீட்டர் கம்பி இருந்தால் கதிர்வீச்சுத் தடை ஐந்தரை ஓம். அப்போது அலையாகப் போவது 1.4 வாட். ஏழு மடங்கு!

இதில் திருப்பக்கூடிய திருகு இரண்டு இருக்கின்றன. உயரத்தைக் கூட்டினால் அலையாகப் போகும் ஓம் ஏறும். மற்றப் பாதியைக் கொடுத்தால் வீணாகும் ஓம் இறங்கும். கீழே வரும் ஒவ்வொரு வகையையும் அது எந்தத் திருகைத் திருப்புகிறது என்று பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

எனக்குக் கேட்கிறது, அவருக்கு என் குரல் கேட்கவில்லை என்ற புலம்பலுக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. 27, 29 மெகாஹெர்ட்ஸில் வானத்திலிருந்தும் ஊர் மின்சாரத்திலிருந்தும் வரும் இரைச்சல் அதிகம். மோசமான ஆன்டெனா பேச்சையும் இரைச்சலையும் ஒரே அளவில் குறைப்பதால், கேட்பதில் பெரிய நட்டம் தெரியாது. அனுப்பும்போது அந்தச் சலுகை கிடையாது. படகிலிருப்பவர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது என்பதால் உங்கள் ஆன்டெனா நல்லது என்று ஆகிவிடாது.

## எதை வைத்து எடை போடுவது

என் வரிசை இதுதான். முதலில், எதிர்முனையில் இருப்பது என்ன? அங்கே படகிலோ வண்டியிலோ முழு ஆன்டெனா இருந்தால் உங்கள் பாரம் பாதி. அங்கேயும் கைக்கருவி என்றால் குறை இரண்டு முனையிலும் சேர்கிறது. அடுத்து, பேசும்போது நடப்பீர்களா, நிற்பீர்களா, உட்காருவீர்களா? ஆன்டெனாத் தேர்வில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்விதான். பிறகு, கருவியின் மேல் உள்ள இணைப்பு என்ன வகை, எவ்வளவு பாரம் தாங்கும்? உப்புக்காற்றில் எத்தனை மாதம் நிற்கும்? ஒரே சேனலா, பட்டை முழுவதுமா? குட்டையாகச் சுருக்கிய ஆன்டெனா குறுகிய பட்டையில்தான் ஒத்திசையும். 27க்குச் செய்ததை 29.8இல் செருகினால் ஒப்புக்குத்தான். விலை கடைசி. மேலே சொன்னவற்றைக் கவனிக்காவிட்டால் விலை இரண்டாவது முறையும் வரும்.

கருவியோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று மீட்டர் காட்டும் எஸ்டபிள்யூஆர் எண்ணை நான் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. வேண்டுமென்றேதான். 50 ஓம் தடையம் ஒன்றை ஆன்டெனா இடத்தில் செருகினால் மீட்டர் 1:1 என்று அழகாகக் காட்டும், குரல் அடுத்த தெருவுக்குப் போகாது. வீணாகும் ஓம் அதிகமுள்ள ஆன்டெனாவும் அதே அழகைத்தான் காட்டும். கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய அந்த எண் உதவும். எது நல்ல ஆன்டெனா என்று அது சொல்லாது.

## கூடவே வந்த ரப்பர் ஆன்டெனா

இரண்டு திருகில் எதையும் திருப்புவதில்லை. ஆனால் உடையாது, கண்ணைக் குத்தாது, மழையில் நனைந்தால் உதறிவிடலாம். சின்ன மைதானத்தில், ஒரே கடற்கரையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போதும். இதற்குப் பதிலாக விற்கும் அதிகத் திறன் கொண்டது என்ற வேறு ரப்பர் ஆன்டெனாக்களை வாங்காதீர்கள். பத்து சென்டிமீட்டர் கூடுதல் நீளம் பெரிதாக ஒன்றும் தராது. ஒருமுறை வாங்கிவந்து அளந்து பார்த்தேன். உறையில் 27 என்று எழுதியிருந்தது, ஒத்திசைந்த இடம் வேறெங்கோ.

## வால் வயர்

என் கட்சி இதுதான், மறைக்கவில்லை.

ஒரு கால் அலை நீளத்துக்கு மெல்லிய வயர். அதன் ஒரு முனையை ஆன்டெனா இணைப்பின் வெளி உலோக வளையத்தோடு சேர்த்துவிட்டு, மறுமுனையைச் சும்மா தொங்க விட வேண்டும். அவ்வளவுதான். மேலே ரப்பர் ஆன்டெனா அப்படியே இருக்கட்டும். கருவிக்கு இல்லாத மற்றப் பாதி இப்போது வந்துவிட்டது. உடம்பு வழியாக ஓடியது இனி வயரில் ஓடும், வீணாகும் ஓம் இறங்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் காலை, இசிப்பிங்கோ கடற்கரை. மத்தி மீன் கூட்டத்தின் ஓட்டம் தெற்கிலிருந்து ஏறிவருகிறது என்ற செய்தி வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அலைக்கு அப்பால் வெள்ளைப் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் குத்தி விழுந்தன. மணல்மேட்டில் நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்பவர் எழுபது வயதுப் பெரியவர், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் 29 மெகாஹெர்ட்ஸ் கருவி. மூன்று கிலோமீட்டர் தெற்கே கடலில் ஸ்கீ-போட் என்னும் சிறு மோட்டார் படகு ஒன்றில் அவர் மருமகன். மாமா பேசுவது அரைகுறையாக வருகிறது, மீட்டரில் இரண்டு கோடு என்று பதில் வந்தது. என் வண்டியில் கதவு மணிக்குப் போடும் வயர் மிச்சம் கிடந்தது. 2.4 மீட்டர் வெட்டி, ஒரு முனையில் முதலைக் கிளிப் வைத்து, பிஎன்சி (திருப்பிப் பூட்டும் வகை) இணைப்பின் வளையத்தைக் கடிக்க விட்டேன். பெரியவர் ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒரு முறை வாலைப் பார்த்தார். பொத்தானை அழுத்தி, இப்போது எப்படி என்றார். ஐந்து கோடு. இந்த வால் இல்லாமல் இத்தனை வருடம் கத்தியிருக்கிறோமே என்று சிரித்தார்.

பத்து நிமிடத்தில் வலை இழுக்க எல்லோரும் ஓடினார்கள். ஓடியவர்களில் ஒருவர் வாலை மிதித்தார். கிளிப் பறந்தது, கருவி ஈரமணலில் விழுந்தது. வால் வயரின் மறைமுகச் செலவு இதுதான்: காலில் சிக்கும். அன்றிலிருந்து நான் கிளிப்பைக் கைவிட்டேன். வளைய முனை ஒன்றைப் பற்றவைத்து ஆன்டெனாவுக்கு அடியில் இறுக்குவேன். பிஎன்சியில் வளையம் உட்காராவிட்டால், இடுப்புக் கொக்கியின் திருகு சட்டத்தோடு தொடர்பில் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு அங்கே இணைக்கலாம். வழியில் இழுத்தால் பிய்ந்துவிடும்படி நடுவே ஒரு சின்னச் செருகு இணைப்பு வைத்தால் கருவி தப்பிக்கும். நடப்பவர்கள் வாலைச் சட்டைக்குள் விட்டுக் கால்சட்டையோரம் இறக்கிக்கொள்ளலாம். முழுப் பலன் கிடைக்காது, ஆனாலும் இல்லாததைவிட மேல். சுருட்டிப் பையில் வைத்தால் மட்டும் பயனே இல்லை. படகில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி: வயரின் உரித்த முனையைக் கடலில் விழவிடுங்கள். உப்புநீரைவிடப் பெரிய மற்றப் பாதி கிடையாது.

நீளங்கள்:

| மெகாஹெர்ட்ஸ் | கால் அலை (மீட்டர்) | அரை அலை (மீட்டர்) |
|---|---|---|
| 27.2 | 2.62 | 5.24 |
| 28.5 | 2.50 | 5.00 |
| 29.8 | 2.39 | 4.78 |
| 51 | 1.40 | 2.79 |

இவை வெறும் கம்பிக்கு. பிளாஸ்டிக் உறை போட்ட வயர் இரண்டு மூன்று சதவீதம் குறைவாகத்தான் வேண்டும். எப்போதும் பத்து சென்டிமீட்டர் கூட்டி வெட்டிவிட்டுப் பிறகு குறையுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரணச் செம்பு நம் கடற்காற்றில் ஒரே பருவத்தில் உறைக்குள்ளேயே கறுத்துப் பொடியாகிறது. செலவு? ஒரு பன்னி சவ் விலைகூட ஆகாது, ரொட்டியைக் குடைந்து கறி நிரப்புவார்களே, அதில் கால் ரொட்டிப் பன்னி சவ்வைத்தான் சொல்கிறேன்.

## நீட்டி மடக்கும் கம்பி

இது உயரத் திருகு. 50 மெகாஹெர்ட்ஸுக்கு 1.4 மீட்டர் நீட்டினால் முழுக் கால் அலை, சுருளே வேண்டாம். 27, 29க்கு 1.2 முதல் 1.5 மீட்டர் கம்பியும் அடியில் ஒரு சுருளும். ரப்பர் ஆன்டெனாவிலிருந்து இதற்கு மாறினால் வித்தியாசம் காதுக்கே தெரியும். வாலும் சேர்ந்தால் கைக்கருவி தரக்கூடிய உச்சம் இதுதான்.

ஆனால் கம்பியின் பலம் அடியில் இருக்கும் இணைப்பைப் பொறுத்தது. பிஎன்சி என்றால் பயமில்லை. எஸ்எம்ஏ என்ற சின்னத் திருகு வகை என்றால் பயப்படுங்கள். ஆறு மில்லிமீட்டர் திருகில் ஒன்றேகால் மீட்டர் நெம்புகோல்! பேக்கி (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள) வண்டியின் ஜன்னல் வழியாகக் குனிந்து எதையோ எடுத்தேன், கம்பி கதவில் பட்டது, டக் என்ற சத்தம். உடைந்தது ஆன்டெனா என்றால் பரவாயில்லை. கருவிக்குள் பலகையோடு பற்றவைத்திருந்த இணைப்பே பிடுங்கிக்கொண்டு வந்தது. ஆன்டெனா விலையைப்போல் நான்கு மடங்கு பழுதுபார்க்க ஆனது. தவறு என்னுடையதுதான். எஸ்எம்ஏவிலிருந்து பிஎன்சிக்கு மாற்றும் இணைப்பில், கருவியின் மேல்தளத்தில் படிந்து பாரத்தைத் தாங்கும் அகலமான அடி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இந்தக் கதி வராது.

மணலும் உப்பும் இன்னொரு தொல்லை. மடக்கும் குழாய்களுக்குள் மணல் போனால் மூன்றாவது வாரம் ஏதோ ஒரு கண்ணி சிக்கிக்கொள்ளும். கடற்கரையிலிருந்து வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பலத்த காற்றில் முழுதாக நீட்டாதீர்கள். மின்கம்பிக்கு அடியில் நீட்டவே கூடாது.

வாங்காமல் செய்யவும் முடியும். 29.8க்கு நான் செய்தது இப்படி: 1.2 மீட்டர் மடக்குக் கம்பி, அதன் அடியில் மின்வேலைக்குப் போடும் 20 மில்லிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டு, அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பி 14 சுற்று, சுற்றுகளை 25 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பரப்பி. இந்தச் சுருளின் தூண்டல் அளவு ஏறத்தாழ 2.5 மைக்ரோஹென்றி. முதலில் கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் ஒரு சுற்றைக் கழற்றலாம். அளக்கும்போது கருவியைப் பேசும் நிலையில் கையில் பிடித்து, வாலையும் மாட்டி அளக்க வேண்டும். மேசையில் வைத்து அளந்த எண் மேசைக்குத்தான். சுருளை அடியில் வைக்காமல் நடுவில் வைத்தால் திறன் கூடும், ஆனால் சுற்றுகள் பெருகும், தலை கனக்கும். இணைப்பை நினைத்து அடியிலேயே விட்டேன். சுற்றி முடித்ததும் சுருளுக்குச் சுருங்கும் பிளாஸ்டிக் உறை போட மறக்காதீர்கள்.

நின்று பேசுபவர்களுக்கு, மேட்டில் நிற்கும் காவலருக்கு, மலையேறிப் பேசுபவர்களுக்கு இது. கரும்புக்குள் நடப்பவருக்கு வேண்டாம்.

## மரத்தில் ஏற்றும் வயர்

ஒரே இடத்தில் இருந்து பேசுபவர் கைக்கருவி ஆன்டெனாவைப் பற்றி யோசிப்பதே வீண். அரை அலை டைபோல் கட்டுங்கள். அதில் இரண்டு பாதியும் இருக்கின்றன. உடம்பை அது கடன் கேட்பதில்லை. கருவியின் அதே நான்கு வாட் இப்போது ஏறக்குறைய முழுதாக வெளியே போகும்.

27.2க்கு மொத்தம் 5.24 மீட்டர், நடுவில் வெட்டி ஒவ்வொரு பக்கமும் 2.62. நடுவில் ஆர்ஜி-58 கேபிளின் உள்கம்பியை ஒரு பாதிக்கும் வெளிப்பின்னலை மற்றப் பாதிக்கும் இணைக்க வேண்டும். இணைத்த இடத்துக்குக் கீழே கேபிளைப் பத்து சென்டிமீட்டர் விட்டத்தில் ஆறு முதல் எட்டுச் சுற்று சுற்றிக் கட்டிவிட்டால், கேபிளே மூன்றாவது கால் போல் அலை வீசுவது அடங்கும். பத்து மீட்டர் ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் ஒரு டெசிபெலுக்கும் குறைவாகத்தான் விழுங்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

நிறையப் பேர் வழுக்குவது இதைத் தொங்கவிடும் கோணத்தில். துணி காயப்போடும் கொடி மாதிரி கிடையாகக் கட்டிவிடுவார்கள். எதிர்முனையில் வண்டியிலும் கையிலும் இருப்பது நிமிர்ந்த ஆன்டெனா. ஒன்று படுத்து மற்றது நின்றால் ஏட்டுக் கணக்கில் இருபது டெசிபெல்வரை இழப்பு. நிலத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் கொஞ்சம் ஈடுகட்டினாலும் நட்டம் நட்டம்தான். மாமரத்தின் உயரக் கிளையில் ஒரு முனையைக் கட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். கேபிளை மட்டும் பக்கவாட்டில் விலக்கிக் கொண்டுவாருங்கள். மரம் போதவில்லை என்றால் சாய்வாகவாவது கட்டுங்கள்.

செலவு வயரும் கேபிளும்தான். மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. கேபிளின் பாரம் கருவியின் இணைப்பில் தொங்கக் கூடாது, இடையில் மெல்லிய குட்டைக் கேபிள் ஒன்று வேண்டும். நேட்டால் கோடையின் மாலை இடி தெரிந்ததே. மேகம் திரளும்போதே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். மூன்றாவது இரைச்சல்: பெரிய ஆன்டெனா எல்லாவற்றையும் கேட்கும். மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த இன்வெர்ட்டர்களும் சோலார் சார்ஜர்களும் இந்தப் பட்டையில் கொசுபோல் ரீங்காரம் இடுகின்றன. வயரை வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுகிறீர்களோ அவ்வளவு நிம்மதி.

## வண்டிக் கூரையும் படகும்

காந்த அடி வைத்த வண்டி ஆன்டெனாவைக் கூரையில் ஒட்டி, கேபிளைக் கைக்கருவியில் செருகுவது பலருக்குத் தெரியாத நல்ல வழி. கூரைத் தகடு மற்றப் பாதியாகிவிடுகிறது. வண்டியை நிறுத்தித் தோட்டத்து ஓரத்தில் பேசுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். அலுமினிய மேல்மூடியிலும் கண்ணாடி இழை மூடியிலும் காந்தம் ஒட்டாது என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பேக்கி வைத்திருப்பவர்கள் ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கண்ணாடி இழைப் படகில் கூரைத் தகடு என்ற பேச்சே இல்லை. அங்கே வண்டி ஆன்டெனாவை அப்படியே கொண்டுபோய் வைத்து ஏமாந்தவர்களை நான் அறிவேன். தகடு தேவைப்படாத அரை அலை வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

## அந்த மூவருக்கும்

மெரேபேங்க் தம்பிக்கு: உங்கள் எதிர்முனையில் படகின் முழு ஆன்டெனா இருக்கிறது, இடையில் கடல். இந்த அலைவரிசை உப்புநீர்மேல் நன்றாகத் தவழும். 156 மெகாஹெர்ட்ஸ் கடல் ரேடியோபோல் அடிவானத்தோடு நின்றுவிடாது. எனவே முதலில் வால் மட்டும். ஒரு பருவம் அதோடு ஓட்டிப் பாருங்கள். மேட்டில் நிற்பவருக்கு மட்டும் பிறகு நீட்டு கம்பி, அதுவும் பிஎன்சி இணைப்பு இருந்தால். வலை இழுப்பவர்கள் கையில் நீட்டு கம்பி கொடுக்காதீர்கள், அடுத்தவர் கண் முக்கியம்.

டொங்காட் ஐயாவுக்கு: இரண்டு முனையிலும் ரப்பர் ஆன்டெனா, நடுவே கரும்பு மேடுகள். எத்தனை கம்பி வாங்கினாலும் கையிலிருந்து கைக்கு அது எட்டுவது சந்தேகம். வீட்டில் செங்குத்து டைபோல் கட்டுங்கள். மகன் வண்டியில் காந்த ஆன்டெனா. நடந்துபோகும்போது அவர் கருவியில் வால். இப்படிச் செய்தால் நீங்கள் வாங்க வேண்டியது ஒரே ஒரு காந்த ஆன்டெனா, மற்றது வயரும் கேபிளும். பகலில் ஒரு நாள் திடீரென்று வேறு கண்டத்துக்காரர்கள் உங்கள் சேனலில் நுழைந்து கத்தினால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். சூரியப் புள்ளிகள் அதிகமான ஆண்டுகளில் வானமண்டலம் 27 மெகாஹெர்ட்ஸைத் தூர தேசத்திலிருந்து திருப்பி அனுப்பும். அதற்கு ஆன்டெனாவில் மருந்து இல்லை.

சாட்ஸ்வொர்த் அக்காவுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். 1.4 மீட்டர் கம்பியும் அதே நீளத்துக்கு வாலும் போட்டால் உங்கள் கருவி நன்றாகவே பேசும். ஆனால் 50 மெகாஹெர்ட்ஸில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 50.110 சுற்றிலும் ஒற்றைப் பக்கப் பட்டை (எஸ்எஸ்பி) என்ற பேச்சு முறையிலோ, 50.313இல் கணினி வழி எஃப்டி8 முறையிலோ இருக்கிறார்கள். உங்கள் கைக்கருவி பேசுவது எஃப்எம். அவர்கள் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் உங்கள் பேச்சு அவர்களுக்குப் புரியாது. பழக்கமான இன்னொரு அமெச்சூரோடு நேரமும் அலைவரிசையும் பேசிவைத்துக்கொண்டு, ஒருவர் பிளஃப் மேட்டிலும் ஒருவர் உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டிலும் நின்று பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் மேல்வானம் சில மணி நேரம் திறந்துகொள்ளும். எஃப்எம்மிலும் தூரத்துக் குரல் வரக்கூடும், கருவியைத் திறந்து வையுங்கள்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. அமெச்சூருக்கு 28 முதல் 29.7 வரையும் 50 முதல் 54 வரையும் உண்டு. 29.7க்கு மேலே படகுக்காரர்களும் நான்கு சக்கர இயக்க வண்டிக் குழுக்களும் பயன்படுத்தும் சேனல்கள் வேறு. அமெச்சூர் உரிமம் அங்கே செல்லாது, அங்குள்ளது இங்கே செல்லாது. வெளி ஆன்டெனா மாட்டும் முன் உங்கள் கருவியின் நிபந்தனையை இகாசாவின் (தென்னாப்பிரிக்கத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின்) விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவர்களுக்கு அப்பால் நான்காவதாக ஒரு கோரிக்கையும் வந்தது. கோயில் திருவிழாக் கூட்ட ஒழுங்குக்கு 27 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன, வாங்கட்டுமா என்று. வேண்டாம். நெரிசலுக்குள் நிற்கும் தொண்டர் இரண்டரை மீட்டர் வாலைக் காவடிகளுக்கும் தேருக்கும் நடுவே இழுத்துக்கொண்டு நடக்க முடியாது. வால் இல்லாத 27 எப்படி என்று மேலே பார்த்துவிட்டோம். அங்கே பதினாறு சென்டிமீட்டரிலேயே முழு வேலை செய்யும் யுஎச்எஃப் போதும்.